ஏற்றத்தில் நின்ற வண்டி

அவர்: கண்ணைத் தொறக்காத.

அவள்: தொறக்கல.

அவர்: இமை துடிக்குது.

அவள்: இமை துடிச்சா தொறந்ததா அர்த்தமா? நீங்க என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்தா அது வேற என்ன பண்ணும்?

அவர்: கத்துக்குடுக்கறவன் ஓட்டறவளைத்தான் பார்க்கணும். சரி, அந்தச் சல்லடையை இப்படியா பிடிப்பாங்க? மாவு சலிக்கப் போறியா, வண்டி ஓட்டப் போறியா?

அவள்: சல்லடையைக் கையில குடுத்துட்டு ஸ்டியரிங்னு நினைச்சுக்கோன்னா...

அவர்: நினைச்சுக்கோன்னு எப்பச் சொன்னேன்? பாருன்னு சொன்னேன். நினைக்கறது வேற, பார்க்கறது வேற. கால்ல என்ன இருக்கு?

அவள்: உங்க செருப்பு ரெண்டு, என் செருப்பு ஒண்ணு.

அவர்: தப்பு.

அவள்: கிளச்சு, பிரேக்கு, ஆக்ஸிலேட்டர். உங்க செருப்பு ரெண்டும் கிளச்சு, பிரேக்கு. என்னோடது ஆக்ஸிலேட்டர்.

அவர்: அதென்ன அப்படி ஒரு பங்கு?

அவள்: நிறுத்தறதெல்லாம் நீங்க. போறது நான்.

அவர்: வாய்க்கு மட்டும் டெஸ்ட் வச்சா அன்னிக்கே பாஸ் நீ. கியர்?

அவள்: வாளியில நிக்கற குடை... இல்ல இல்ல, கியர். கியரேதான். நியூட்ரல்ல இருக்கு. ஆட்டிப் பார்த்துட்டேன்.

அவர்: நல்லது. இப்ப நான் பக்கத்து சீட்டுல ஏறறேன். டொப். என்ன பண்ணுவ?

அவள்: போலாமான்னு கேப்பேன்.

அவர்: போச்சு.

அவள்: ஏன்? மரியாதையாத்தானே கேக்கறேன்?

அவர்: டிரைவரம்மா, உன் பக்கத்துல உக்காந்தவன் கதவைச் சரியாச் சாத்தலை. ஒரு சத்தம்தானே கேட்டுது? அந்தக் கதவு ஒரே தடவைல சாத்திக்குமா? தூக்கி, ரெண்டாவது தடவை சாத்து. இப்படிச் சொல்லணும்.

அவள்: அடக் கடவுளே. கண்ணை மூடிட்டு ஓட்டற வண்டிக்காவது ஒரு நல்ல கதவு போட்டுக்கக் கூடாதா?

அவர்: கூடாது.

அவள்: பெயின்ட்டு கூட புதுசா அடிச்சு வச்சிருக்கேன் நான். மஞ்சள்.

அவர்: கழுவிடு. இருக்கற வண்டியைத்தான் பார்க்கணும். இல்லாத வண்டியைப் பார்த்தா இல்லாத லைசென்ஸ்தான் கிடைக்கும்.

அவள்: சரி... கழுவிட்டேன். பழைய அழுக்கு வெள்ளை. சந்தோஷமா?

அவர்: டொப்... டொப். இப்பச் சாத்திக்கிச்சு. போலாம். என்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே வா.

அவள்: பேக்கரி வாசல். உங்க முதலாளி தொந்தியைத் தடவிக்கிட்டு நிக்கறார்.

அவர்: அவரை விடு. ரோட்டைப் பாரு.

அவள்: கண்ணாடியில பின்னாடி பார்த்தேன். யாரும் இல்ல. கிளச்சை மிதிச்சு, ஃபர்ஸ்ட் கியர்... மெதுவா விடறேன். நகருது. பின்னாடி ரொட்டித் தட்டு எல்லாம் கடகடன்னு ஆடுது.

அவர்: ஆஹா. தட்டுச் சத்தம் கேக்குதா உனக்கு?

அவள்: கேக்குது. சூடா வாசனை கூட வருது. தையக்கடை தாண்டியாச்சு. செகண்ட் கியர். அந்தப் பள்ளத்துல எப்பவும் தண்ணி நிக்குமே...

அவர்: நிக்குது. என்ன பண்ணப் போற?

அவள்: மெதுவா போவேன். பக்கத்துல நடந்து வர்றவங்க மேல தெளிக்கக் கூடாது. நீங்க போன வாரம் அந்த வாத்தியார் வேட்டியில அடிச்சீங்களே, அந்த மாதிரி...

அவர்: அது... அவர் குறுக்க வந்தார்.

அவள்: திண்ணையில... இல்ல, கடைப் படியில உக்காந்திருந்தார்னு கேள்வி.

அவர்: ரோட்டைப் பாருன்னேன்! நாய் வருது பாரு.

அவள்: எங்க? ஐயோ... பிரேக். போயிடுச்சு. கறுப்பு நாய். ஒரு காது மடிஞ்சிருக்கு.

அவர்: அந்தக் காதை நான் சொல்லவே இல்லியே.

அவள்: நான்தான் பார்த்தேன்.

அவர்: ம்... தேறிடுவ நீ. வளைவு. ஹார்ன். இப்ப என்ன எதிர்ல?

அவள்: மேட்டுத் தெரு ஏத்தம்.

அவர்: ஏன் குரல் இறங்குது?

அவள்: ரெண்டு தடவையும் இங்கதான ஃபெயிலாக்கினாங்க. ஆபீசர் பாதி ஏத்தத்துல நிறுத்தச் சொல்லுவார். நிறுத்துவேன். எடும்பார். எடுத்தா வண்டி பின்னாடி போகும். முதல் தடவை யாரோ ஒருத்தர் சைக்கிள் மேல ஏத்தினேன்ல?

அவர்: யாரோ ஒருத்தரா? ஆபீசர் சைக்கிளே அது.

அவள்: ஞாபகப்படுத்தாதீங்க.

அவர்: ஏத்தத்துக்கு உன்னைத் தெரியாது. ரெண்டு தடவை ஃபெயிலானவள்னு அதுக்கு யாரும் சொல்லி வைக்கல. போ. பாதியில நிறுத்து. நிறுத்திட்டியா? இப்ப எடு.

அவள்: கிளச்சை மெதுவா... ஐயோ! பின்னாடி போகுதுங்க! போகுது!

அவர்: நாற்காலி எங்கடி போகும்?

அவள்: போகுதே! நான் பார்க்கறேனே! அந்த மருந்துக்கடை போர்டு முன்னாடி நகருது!

அவர்: சபாஷ்.

அவள்: என்ன சபாஷ்? வண்டி உருளுது, சபாஷாம்!

அவர்: போன வாரமெல்லாம் அலுங்காம ஏறிச்சு உனக்கு. அது சும்மா. பூப்போல ஏறற ஏத்தம் எந்த ஊர்லயும் இல்ல. இன்னிக்குத்தான் நிஜமா உருளுது. உருளறதைப் பார்த்தவதான் நிறுத்த முடியும். பிரேக்கை மிதி. ஹேண்ட் பிரேக்கை இழு.

அவள்: கர்ர்ரக்.

அவர்: நின்னுதா?

அவள்: நின்னுடுச்சு... கை நடுங்குது.

அவர்: நடுங்கட்டும். சல்லடைதானே, உதிர்ந்தா மாவுதான் உதிரும். கொஞ்சம் மூச்சு விடு. நானும்...

அவள்: உங்களுக்கு ஏன் இப்படி வாங்குது?

அவர்: ஏத்தம்ல. வண்டிக்கே வாங்குது, எனக்கு வாங்காதா?

அவள்: என்னமோ தேய்க்கற சத்தம் கேக்குதே. சட்டையைத் தேய்க்கற மாதிரி.

அவர்: சீட் பெல்ட்டு. நெஞ்சுல அழுத்துது.

அவள்: நாற்காலியில ஏது சீட் பெல்ட்டு?

அவர்: வண்டியில இருக்குல்ல. இருக்கற வண்டியைப் பாருன்னா...

அவள்: சரி சரி. என்னங்க... ஒண்ணு கேக்கட்டுமா? எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்தறீங்க? வண்டிக்கு நீங்க இருக்கீங்க. வீட்டுக்கு நான் இருக்கேன். நல்லாத்தான போயிட்டிருக்கு?

அவர்: ஊரைப் பார்க்கணும்.

அவள்: எந்த ஊரை?

அவர்: இந்த ஊரைத்தான். இத்தனை வருஷமா ரோட்டை மட்டும்தான் பார்த்திருக்கேன். அந்த மருந்துக்கடைக்கு மாடி இருக்காமே? உன் நாத்தனா சொல்லித்தான் தெரியும். எனக்கு ஒரு ஆசை. நீ ஓட்டற. நான் பக்கத்துல. ஜன்னல்ல கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு சும்மா வரேன். ஒண்ணும் பண்ணாம. கண்ணை மூடினா தினமும் அதைத்தான் பார்க்கறேன்.

அவள்: நீங்களாவது சும்மா வர்றதாவது... ஹார்ன் அடி, ஹார்ன் அடின்னு உயிரை எடுப்பீங்க.

அவர்: எடுக்க மாட்டேன். அதையும் பார்த்து வச்சிருக்கேன். வாயே தொறக்கல நான்.

அவள்: அதுக்குத்தான் இல்லாத வண்டியைப் பார்க்கறதுன்னு பேரு.

அவர்: ஹா... இரு, போன் அடிக்குது. ...சொல்லுங்க முதலாளி. ...ரெடியா? அடுக்கியாச்சா? ...இதோ வரேன்.

அவள்: சாயங்கால லோடா? அப்ப நான் கண்ணைத்...

அவர்: தொறக்காத! பாதி ஏத்தத்துல கண்ணைத் தொறந்தா வண்டி என்னாகும்?

அவள்: ஓரங்கட்டணும், ஆஃப் பண்ணணும், சாவியை உங்க கையில குடுக்கணும், அப்புறம்தான் தொறக்கணும். மனப்பாடம் ஆயிடுச்சு. ஆனா இங்க ஓரங்கட்ட இடமே இல்லியே.

அவர்: அப்ப நில்லு. ஹேண்ட் பிரேக்கு போட்டிருக்குல்ல? விழாது. நான் போன சத்தம் அடங்கின பிறகு தொறந்துக்கோ. எங்க விட்டமோ அங்கயே நிக்கும். லோடை இறக்கிட்டு வந்துடறேன், மிச்சத்தை ஏறிடலாம். செருப்பைக் குடு.

அவள்: எதை? கிளச்சையா, பிரேக்கையா?

அவர்: ரெண்டையும்தான்.

அவள்: ஏத்தத்துல நிக்கறப்ப யாராவது பிரேக்கைக் கழட்டி மாட்டிக்கிட்டுப் போவாங்களா?

அவர்: அதான் ஹேண்ட் பிரேக்கு இருக்கேடி. காலைத் தூக்கு... ஆங். வரேன்.

அவள்: என்னங்க!

அவர்: என்ன?

அவள்: இறங்கினீங்களே, கதவுச் சத்தம் எங்க? ஒரு டொப் கூட கேக்கல!

அவர்: வந்து சாத்திக்கறேன்!

*

நாத்தனார்: திட்டாதீங்க அண்ணி. முதல்லயே சொல்லிட்டேன்.

அவள்: எதுக்குத் திட்டப் போறேன்? ...இது யார் எடுத்து வச்சது?

நாத்தனார்: நான்தான்.

அவள்: இது அவர் செருப்பு.

நாத்தனார்: எனக்குத் தெரியாதா? பெடலுக்கு வேற எதை வைக்கறது? என் செருப்பு குதிகால் உசந்தது. மிதிச்சா கவுந்துடும்.

அவள்: பேக்கரியிலேர்ந்து பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க. லோடு ஏத்தற இடத்துல... விழுந்தப்ப கழண்டுடுச்சாம். நான் அந்தப் பேப்பரைப் பிரிக்கவே இல்ல.

நாத்தனார்: நான் பிரிச்சேன். அவன் போய் அரை வருஷமாச்சு அண்ணி. அண்ணன் செருப்பை அலமாரியில படுக்க வச்சா அவனுக்கே பிடிக்காது. நாளைக்கு டெஸ்ட்டு. உக்காருங்க.

அவள்: சாப்பிட்டுட்டு...

நாத்தனார்: சாப்பிட்டாச்சு. பாத்திரமும் கழுவியாச்சு. கழுவின பாத்திரத்தைத்தான் நீங்க மறுபடி கழுவிட்டிருந்தீங்க.

அவள்: நான் போகப் போறதில்ல.

நாத்தனார்: எங்க?

அவள்: டெஸ்ட்டுக்கு. எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போறேன்னார். அவர் வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்காம்.

நாத்தனார்: ஓ... வண்டி?

அவள்: யாராவது வாங்கிக்கட்டும். முதலாளியும் பாவம், எத்தனை நாள் ஆள் வச்சு ஓட்டுவார்? நான் பாஸானா ரூட்டு எனக்கு, இல்லாட்டி வேற வண்டிக்குன்னுட்டார். தப்பாச் சொல்லல அவர்.

நாத்தனார்: தப்பில்ல.

அவள்: உனக்கென்ன, வேலை இருக்கு. உன் ஆபீஸ் பக்கத்துலயே ஹாஸ்டல் இருக்கு.

நாத்தனார்: இருக்கு. நல்ல ஹாஸ்டல். ஒரு ரூமுக்கு நாலு கட்டில். எந்தக் குறட்டை யாருதுன்னே தெரியாது.

அவள்: ...ஏண்டி இப்படிப் பேசற?

நாத்தனார்: நான் என்ன பேசிட்டேன்? உக்காருங்க அண்ணி. ஒரே ஒரு தடவை. போகாட்டி போகாதீங்க, ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் போகாம இருங்க. இந்தாங்க சல்லடை.

அவள்: நீ விட மாட்ட. ...இது என்னது, கிளச்சை எங்க வச்சிருக்க?

நாத்தனார்: ஏன்? இதோ இங்க.

அவள்: வலது கால்லயா? கிளச்சை வலது கால்ல மிதிச்சு எந்த நாட்டுலடி ஓட்டறாங்க?

நாத்தனார்: அது... அவசரத்துல வச்சுட்டேன். நான் எதிர்ல நின்னு வச்சேன்ல, எனக்கு இடது.

அவள்: அவர் உனக்கும் ஓட்டக் கத்துக்குடுத்தார்னு சொன்னியே?

நாத்தனார்: குடுத்தானே. காலேஜ் லீவுல. மறந்துடுச்சு, அவ்வளவுதான். கை வேலை தொட்டுக்கிட்டே இருந்தாத்தான நிக்கும்? சிரிக்காதீங்க.

அவள்: சிரிக்கல.

நாத்தனார்: சிரிச்சீங்க. பார்த்தேன். சரி, நான் பக்கத்துல...

அவள்: அதுல உக்காராத!

நாத்தனார்: ஏன் அண்ணி?

அவள்: இல்ல... அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது. பின்னாடி உக்காந்துக்கோ. முக்காலியைப் போட்டுக்கோ.

நாத்தனார்: சரி அண்ணி. பின்னாடியே உக்காந்துக்கறேன். ரொட்டித் தட்டுக்கு நடுவுல. ஒண்ணை எடுத்துத் தின்னா முதலாளிக்குத் தெரியுமா?

அவள்: எண்ணித்தான் ஏத்துவார்.

நாத்தனார்: கஞ்சன். கண்ணை மூடுங்க. பெயின்ட்டு என்ன கலரு?

அவள்: அழுக்கு வெள்ளை.

நாத்தனார்: மஞ்சள் அடிக்கலியே?

அவள்: ...மஞ்சளைப் பத்தி உனக்கு யார் சொன்னா?

நாத்தனார்: அண்ணன்தான். வேற யாரு? இருக்கற வண்டியைத்தான் பார்க்கணும்னு சொல்லுவான்ல. கிளம்புங்க.

அவள்: முதலாளி நிக்கறார். கண்ணாடி பார்த்தேன். ஃபர்ஸ்ட் கியர். ...நகருது.

நாத்தனார்: தட்டு ஆடுது. மடியில வந்து இடிக்குது எனக்கு.

அவள்: தையக்கடை. பள்ளம். தண்ணி. மெதுவா...

நாத்தனார்: வாத்தியார் இருக்காரா?

அவள்: இருக்கார். வேட்டியைச் சுருட்டிக்கிட்டு முறைக்கறார். தெளிக்கல. ...நாய்.

நாத்தனார்: எந்த நாய்?

அவள்: அதே நாய்தான். காது மடிஞ்சது. போயிடுச்சு. வளைவு. ஹார்ன்.

நாத்தனார்: எவ்வளவு அழகா ஓட்டறீங்க அண்ணி...

அவள்: மேட்டுத் தெரு.

நாத்தனார்: ஏத்தத்துக்கு உங்களைத் தெரியாது. போங்க.

அவள்: இருட்டிடுச்சு.

நாத்தனார்: எங்க?

அவள்: இங்கதான். ஒண்ணும் தெரியல. தினமும் இப்படித்தான். இது வரைக்கும் வரும், அப்புறம் இருட்டு. அதான் சொல்றேன், என்னால ஆகாது.

நாத்தனார்: ஹேண்ட் பிரேக்கு போட்டிருக்கா?

அவள்: போட்டிருக்கு.

நாத்தனார்: அப்ப விழாது. இருங்க. நான் பின்னாடி இருக்கேன். எவ்வளவு நேரம் வேணா இருக்கலாம், நாளைக்கு காலையிலதான டெஸ்ட்டு.

அவள்: ...நாளைக்கு அந்த ஆபீசர் எங்க உக்காருவார்?

நாத்தனார்: பக்கத்து சீட்டுலதான்.

அவள்: பின்னாடி உக்காந்து பார்க்க மாட்டாரா?

நாத்தனார்: ரொட்டித் தட்டு மேலயா? அவர் உடம்புக்கு தட்டு தாங்காது அண்ணி.

அவள்: நான் விளையாட்டுக்குக் கேக்கல.

நாத்தனார்: தெரியும். நானும் விளையாட்டுக்குச் சொல்லல. வேற சீட்டு இல்ல.

அவள்: ம்.

நாத்தனார்: அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா? நான் தினமும் பஸ்ஸுல வரப்ப கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு பார்ப்பேன். ஆபீஸ் விட்டு வெளிய வரேன். கேட்டுக்கு எதிர்ல நம்ம வண்டி நிக்குது. நீங்க ஹார்ன் அடிக்கறீங்க. நான் ஓடி வந்து ஏறறேன். அவ்வளவுதான். வீடு வரைக்கும் கூட போறதில்ல, அதுக்குள்ள ஸ்டாப் வந்துடும்.

அவள்: ...இதை ஏன் முன்னாடியே சொல்லல?

நாத்தனார்: சொன்னா நீங்க எனக்காக ஓட்டுவீங்க. அது வேணாம். ஓரங்கட்டுங்க, ஆஃப் பண்ணிட்டுக் கண்ணைத் தொறங்க.

அவள்: ஓரங்கட்டல. இப்படியே தொறந்துக்கறேன்.

நாத்தனார்: நடு ஏத்தத்துல நிக்குமே வண்டி?

அவள்: நிக்கட்டும். அதுக்குப் பழகிடுச்சு. காலையில எத்தனை மணிக்குப் போகணும்?

நாத்தனார்: ஒன்பதுக்கு. முதலாளியே வண்டியைக் கொண்டு வந்து அங்க விட்டுடறேன்னார். நான் லீவு போட்டுட்டேன்.

அவள்: எப்பப் போட்ட?

நாத்தனார்: போன வாரமே.

*

நாத்தனார்: என்னாச்சு?

அவள்: ஏறு.

நாத்தனார்: மூஞ்சியைப் பார்த்தா ஒண்ணும் தெரியலியே. பாஸா, ஃபெயிலா? சொன்னாத்தான் ஏறுவேன்.

அவள்: ஏறினாத்தான் சொல்லுவேன். வெயில்ல நின்னு கத்தாத, எல்லாரும் பார்க்கறாங்க.

நாத்தனார்: பார்க்கட்டும். நீங்க உருண்டு எந்த சைக்கிள் மேலயாவது...

அவள்: பாஸுடி.

நாத்தனார்: ஆங்?

அவள்: பாஸ். சீட்டு எழுதிக் குடுத்துட்டார். இந்தா, பாரு.

நாத்தனார்: அண்ணி...! ஐயோ அண்ணி! இருங்க, நான்... எனக்கு அழுகை வருது, இருங்க.

அவள்: ஏறி உக்காந்து அழு.

நாத்தனார்: எதுல உக்கார? பின்னாடியா?

அவள்: பக்கத்துல. இங்க.

நாத்தனார்: ...உக்காரலாமா?

அவள்: உக்காரு.

நாத்தனார்: சரி... உக்காந்துட்டேன். சொல்லுங்க. ஏத்தம் வரைக்கும் வந்தீங்க. அப்புறம்?

அவள்: ஏத்தம் இருக்கட்டும். அதுக்கு முன்னாடியே நடந்துடுச்சு எல்லாம். ஆபீசர் அந்தப் பக்கமா வந்தார். ஏறப் போனார். 'கொஞ்சம் இருங்க சார்'னுட்டேன்.

நாத்தனார்: ஆபீசர்கிட்டயா? என்ன சொன்னார்?

அவள்: 'ஏம்மா, சீட்டுல ஏதாவது இருக்கா?'ன்னார். நான் அந்த சீட்டையே பார்த்துட்டிருந்தேன். அவரும் நின்னார் பாவம், வெயில்ல. அப்புறம் சீட்டைக் கையால ஒரு தடவை தட்டிப் பார்த்துட்டு ஏறி உக்காந்துட்டார். கதவைச் சாத்தினார். டொப்.

நாத்தனார்: சாத்திக்காதே அது.

அவள்: சாத்திக்கல. 'என்னம்மா கதவு இது'ன்னார். தூக்கி ரெண்டாவது தடவை சாத்துங்க சார்னேன். சாத்தினார். டொப்... டொப். ரெண்டு சத்தம்.

நாத்தனார்: ம்.

அவள்: அன்னிக்கு கேக்க வேண்டிய சத்தம் அது. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இருட்டிடுச்சுன்னு சொன்னேன்ல... பொய். ஒரு நாள் கூட இருட்டினதில்ல. நல்ல வெளிச்சம். மருந்துக்கடை போர்டுல எழுத்து கூட தெரியும். பாதி ஏத்தத்துல நிக்கறோம், அவர் பக்கத்துல உக்காந்திருக்கார், ஜன்னல்ல கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. ஒண்ணும் பேச மாட்டார். அன்னிக்கு நான் கண்ணை மூடியிருந்தேன். அவர் போனதை நான் பார்க்கல. கதவுச் சத்தமும் கேக்கல. வந்து சாத்திக்கறேன்னுட்டுப் போனார். அப்ப அவர் இறங்கவே இல்லியே, என் கணக்குல? ஏத்தத்தை ஏறிட்டா அப்புறம் ரொட்டி இறக்கற கடை வரும். ஓரங்கட்டணும். ஆஃப் பண்ணணும். சாவியைக் குடுக்கணும். அதான் அங்கயே...

நாத்தனார்: நின்னுட்டீங்க.

அவள்: நின்னுட்டேன். பைத்தியம்னு நினைச்சுக்கோ.

நாத்தனார்: ஏத்தத்துல என்ன பண்ணீங்க?

அவள்: நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். எடுன்னார். கொஞ்சம் உருண்டுது. உருளட்டும், எனக்கு அது தெரிஞ்ச உருளல்தான்னு விட்டேன். ஹேண்ட் பிரேக்கு, கிளச்சு பாதி, அப்படியே ஏறிடுச்சு. ஏறினப்புறம் சும்மா திரும்பிப் பார்த்தேன். மருந்துக்கடைக்கு மாடி இருக்குடி. துணி காயுது.

நாத்தனார்: அண்ணி, நானும் ஒண்ணு சொல்லணும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அவள்: கிளச்சை வலது பக்கம் வச்சப்பவே தெரிஞ்சுது.

நாத்தனார்: அண்ணன் எனக்குக் கத்துக்குடுத்ததே இல்ல. அந்த மஞ்சள் பெயின்ட்டு, வாத்தியார் வேட்டி, ஏத்தத்துக்கு உன்னைத் தெரியாது... அதெல்லாம் அவன் எனக்குச் சொன்னதில்ல.

அவள்: பின்ன?

நாத்தனார்: நீங்கதான் சொன்னீங்க. தூக்கத்துல. விடியக்காலையில வாய்விட்டு ஓட்டுவீங்க. முதலாளி தொந்தியிலேர்ந்து ஆரம்பிச்சு எல்லாம் வரும். நீங்க பேசறதும் நீங்கதான், அவன் பேசறதும் நீங்கதான். ஏத்தம் வந்ததும் மருந்துக்கடை போர்டைப் படிச்சுட்டு அப்படியே நிறுத்திடுவீங்க.

அவள்: தினமுமா?

நாத்தனார்: முக்கால்வாசி நாள். இருட்டு இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும்.

அவள்: அடிப்பாவி. ஒரு தடவை எழுப்பியிருக்கலாம்ல? இப்படிப் பேசறீங்க அண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

நாத்தனார்: சொன்னா வாயைப் பொத்திக்கிட்டுப் படுத்துடுவீங்க. அப்புறம் அவன் பேச்சை நான் எங்க போய்க் கேக்கறது அண்ணி? ஏத்தம் ஏறிட்டீங்க. சந்தோஷம்தான். நிஜமாவே சந்தோஷம்தான். நேத்து நீங்க தூங்கினதும், இனிமே பேச மாட்டீங்களேன்னு நினைச்சேன், அவ்வளவுதான். ...அண்ணி? ஏன் பேசாம இருக்கீங்க? கிளம்பலாம், கதவைச் சாத்திட்டேன்.

அவள்: அந்தக் கதவு ஒரே தடவைல சாத்திக்குமா? தூக்கி, ரெண்டாவது தடவை சாத்து.